பெரிய ஜிம்மில் சேரும் முன்: அந்தப் பணம் தகுமா என்று கணக்குப் பார்ப்பது எப்படி?

தெருமுனையில் ஒரு ஜிம் இருக்கிறது, மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். நாலு கிலோமீட்டர் தள்ளி, கண்ணாடிக் கட்டடத்தின் மேல்மாடியில் இன்னொன்று, வருடத்துக்கு அறுபதாயிரம். அங்கே நீச்சல் குளம், ஸ்டீம் அறை, ஜூம்பா வகுப்பு, வரவேற்பறையில் காபி இயந்திரம் எல்லாம் உண்டு. ஆனால் இருபது கிலோ டம்பெல் இரண்டு இடத்திலும் இருபது கிலோதான். அப்படியானால் கூடுதல் பணம் எதற்குப் போகிறது, அது உங்களுக்குத் தேவையா என்பதைச் சேர்வதற்கு முன்பே கணக்குப் போட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

வேளச்சேரி, அடையாறு, பெருங்குடி, நுங்கம்பாக்கம் என்று விசாரித்துக்கொண்டே அலைந்தபோது நான் பட்ட முதல் பாடு விலையைத் தெரிந்துகொள்வதுதான். எந்தப் பெரிய ஜிம்மிலும் சுவரில் விலைப்பட்டியல் கிடையாது. வலைத்தளத்தில் விலை இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் போன் நம்பரைக் கேட்பார்கள். கொடுத்தால் அன்று மாலையிலிருந்து அழைப்பு ஓயாது. அதற்கென்றே பழைய சிம் ஒன்று வைத்திருந்தால் நல்லது. அந்த அலைச்சலில் தெரிந்துகொண்டவற்றைக் கீழே வரிசையாகத் தருகிறேன். சென்னையை வைத்து எழுதியிருக்கிறேன். கோவையோ திருச்சியோ, வரியும் ஆவணங்களும் புகார் முறையும் ஒன்றுதான்.

1. எதற்குச் சேர்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள்

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு இது: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவேற்றும் பயிற்சி. இதற்கு ஒரு ஜோடி ஷூவும் நடேசன் பூங்காவும் தெருமுனை ஜிம்மும் தாராளம். ஆகவே “உடம்பு நல்லா இருக்கணும்” என்பதை மட்டும் காரணமாக எழுதினால் பெரிய ஜிம் தேவையில்லை.

சாதாரண ஜிம்மில் இல்லாத, நீங்கள் வாரா வாரம் பயன்படுத்தப்போகிற விஷயங்கள் எவை என்று எழுதுங்கள். நீச்சல் குளமா? குழு வகுப்பா? கூட்டமில்லாமல் ஸ்குவாட் ரேக் (தோளில் எடை வைத்துக் குந்தி எழுவதற்கான சட்டம்) கிடைப்பதா? காலையில் அங்கேயே குளித்து உடை மாற்றி நேரே ஆபீஸ் போவதா? இப்படி இரண்டாவது தேறினால் மேலே படியுங்கள். தேறாவிட்டால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இங்கேயே முடிந்தது, அறுபதாயிரம் மிச்சம்.

நீச்சல் மட்டும்தான் காரணம் என்றால், வேளச்சேரியில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் நீச்சல் வளாகம் இருக்கிறது, மெரினாவில் மாநகராட்சிக் குளம் இருக்கிறது. அங்கே நேரமும் கட்டணமும் என்ன என்று முதலில் கேட்டுவிடுங்கள். பெரிய ஜிம்களில் ‘நீச்சல் குளம்’ என்று விளம்பரம் செய்வது பல சமயம் நாலு கை வீச்சில் முடிந்துவிடும் தொட்டிதான். நீளம் எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் போய் நேரில் பாருங்கள்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. சுத்தமான கழிப்பறை, தாழ்ப்பாள் சரியாக விழும் உடை மாற்றும் அறை, பெண் பயிற்சியாளர், காலை ஐந்தரைக்கு வெளிச்சமாக இருக்கும் வண்டி நிறுத்துமிடம், முறைத்துப் பார்ப்பவரைப் பற்றிச் சொன்னால் நடவடிக்கை எடுக்கும் மேலாளர். இவற்றையெல்லாம் ஆடம்பரக் கணக்கில் சேர்க்காதீர்கள். இவை இல்லாததால்தான் நிறையப் பேர் மலிவான ஜிம்மை இரண்டாவது மாதமே விட்டுவிடுகிறார்கள். பெரிய ஜிம்முக்கு அதிகம் கொடுக்க எனக்குத் தெரிந்து இதைவிட நியாயமான காரணம் இல்லை. ஆனால் அந்த வசதி அங்கே நிஜமாகவே இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அதை ஐந்தாவது படியில் சொல்கிறேன்.

2. தூரத்தை நிமிடத்தில் அளந்து பாருங்கள்

வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர் என்பதில் ஒரு பொருளும் இல்லை. ஞாயிறு காலை எட்டு நிமிடம், செவ்வாய் மாலை ஏழு மணிக்கு விஜயநகர் சிக்னலைத் தாண்டவே அரை மணி. நீங்கள் போகப்போகிற கிழமையில், போகப்போகிற நேரத்தில் ஒரு முறை வண்டியை எடுத்துப் பாருங்கள். ஒரு வழிப் பயணம் இருபது நிமிடத்தைத் தாண்டினால், எவ்வளவு நல்ல ஜிம்மாக இருந்தாலும் நான் சேரச் சொல்ல மாட்டேன். ஆபீஸிலிருந்து வீட்டுக்குப் போகும் வழியிலேயே இருந்தால் மட்டும் இதில் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளலாம். எதிர்த் திசையில் இருந்தால் பத்து நிமிடம்கூட அதிகம்தான்.

3. முழுச் செலவையும் ஒரே எண்ணாக்குங்கள்

கல்யாண மண்டப வாடகை மாதிரிதான் இதுவும். முதலில் சொல்லும் தொகை ஒன்று. கரண்டு, ஜெனரேட்டர், கிளீனிங் எல்லாம் சேர்ந்து கடைசியில் வரும் தொகை வேறு. போனில் சொன்னதை வைத்துக் கணக்குப் போடாமல் கீழே இருப்பதை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுங்கள்.

உறுப்பினர் கட்டணம். ஒரு கிளைக்கு மட்டுமா, எல்லாக் கிளைக்குமா என்பதைப் பொறுத்து இது மாறும். வீடும் ஆபீஸும் நகரத்தின் இரு மூலையில் இருந்தால் தவிர, ‘எல்லாக் கிளையும்’ திட்டத்துக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

சேர்க்கைக் கட்டணம். பேசினால் பெரும்பாலும் தள்ளிவிடுவார்கள். தள்ளுவதற்காகவே வைத்திருக்கிறார்களோ என்றுகூடத் தோன்றும்.

ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம், யோகா நிலையம், சலூன் போன்ற சேவைகளுக்கு வரி 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. பழைய விலைச் சீட்டை வைத்துக்கொண்டு யாராவது இன்னும் 18 சதவீதம் போட்டால் எந்த அடிப்படையில் என்று கேளுங்கள். சொல்லும் விலை வரி சேர்த்தா, சேர்க்காமலா என்பதையும் கேளுங்கள். ஆண்டு விற்றுமுதல் 20 லட்சத்துக்குள் இருக்கும் சின்ன ஜிம்கள் ஜிஎஸ்டி பதிவே செய்ய வேண்டியதில்லை. ஆகவே தெருமுனை ஜிம்மில் வரி என்று தனியாகக் கேட்டால் பதிவு எண் போட்ட ரசீது கேளுங்கள்.

லாக்கர், டவல், வண்டி நிறுத்தம். அன்றன்றைக்கு எடுத்துக்கொள்ளும் லாக்கர் இலவசமாக இருக்கும், உங்களுக்கே என்று ஒதுக்கும் லாக்கருக்கு மாத வாடகை. மால் உள்ளே இருக்கும் ஜிம் என்றால் ஒவ்வொரு தடவையும் வண்டி நிறுத்தக் காசு. உறுப்பினருக்குச் சலுகைச் சீட்டு உண்டா என்று கேளுங்கள்.

பர்சனல் டிரெய்னர். செலவு எகிறும் இடம் இதுதான். உறுப்பினர் கட்டணத்தைவிட இதில்தான் அவர்களுக்குக் காசு. மாதத்துக்குப் பன்னிரண்டு வகுப்பு, அதற்குப் பத்தாயிரம் பதினைந்தாயிரம் என்று போகும். சேரும்போது “வேண்டாம்” என்று சொல்லிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஒவ்வொரு வாரமும் கேட்பார்கள்.

இப்போது ஓர் உதாரணம். கட்டணம் 60,000, சேர்க்கை 5,000, இரண்டுக்கும் 5 சதவீத வரி 3,250. ஆக 68,250. லாக்கர் வாடகை வருடத்துக்கு 6,000 என்று வையுங்கள். மொத்தம் 74,250 ரூபாய். அறுபதாயிரம் எழுபத்து நாலாயிரம் ஆகிவிட்டது, இன்னும் டிரெய்னர் வரவில்லை, ஷூ வாங்கவில்லை.

4. அந்த எண்ணை உண்மையான வருகையால் வகுங்கள்

“வாரத்துக்கு ஐந்து நாள் போவேன்” என்று எல்லோரும்தான் சொல்கிறோம். 2006-ல் ஸ்டெஃபானோ டெல்லாவிக்னா, உல்ரிகே மால்மெண்டியர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் அமெரிக்காவில் மூன்று ஜிம்களின் 7,752 உறுப்பினர்களுடைய வருகைப் பதிவை ஆராய்ந்து வெளியிட்டார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டிய உறுப்பினர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 தடவைதான் வந்திருந்தார்கள். ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் விழுந்தது. அதே ஜிம்மில் பத்து தடவைக்கான சீட்டு வாங்கியிருந்தால் தடவைக்குப் பத்து டாலர்தான். ஊர் வேறு, காலம் வேறு, மனிதர்கள் நம்மைப் போன்றவர்களே.

நம் ஊர் நாட்காட்டியை எடுத்து நீங்களே அடித்துக்கொண்டு வாருங்கள். பொங்கல் வாரம் போச்சு. தீபாவளி வாரம் போச்சு. தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களுக்கு ஊர்ப் பயணம். குழந்தைக்குப் பரீட்சை. ஒரு காய்ச்சல், அதற்குப் பின் ஒரு வாரச் சோர்வு. ஆபீஸில் வேலை நெருக்கும் மாதம். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை மழை. ஐம்பத்திரண்டு வாரத்தில் நாற்பது வாரம் ஒழுங்காகப் போனாலே பெரிய காரியம். வாரத்துக்கு மூன்று நாள் என்று வைத்தால் வருடத்துக்கு 120 தடவை.

74,250-ஐ 120-ஆல் வகுத்தால் ஒரு தடவைக்கு ஏறக்குறைய 620 ரூபாய். அந்த ஆய்வில் வந்தது போல மாதத்துக்கு 4.3 தடவை போனால் வருடத்துக்கு 52 தடவை, தடவைக்கு 1,430 ரூபாய். தெருமுனை ஜிம் வருடத்துக்கு 18,000. அதே 120 தடவைக்கு 150 ரூபாய்.

ஆக, கேள்வி இதுதான்: ஒவ்வொரு தடவையும் 470 ரூபாய் கூடுதலாகக் கொடுக்கும் அளவுக்கு முதல் படியில் எழுதிய அந்த இரண்டு விஷயங்கள் உங்களுக்கு மதிப்புள்ளவையா? வித்தியாசம் வருடத்துக்கு 56,250 ரூபாய். தெருமுனை ஜிம்மிலேயே இருந்துகொண்டு, மணிக்கு 800 ரூபாய் வாங்கும் நல்ல பயிற்சியாளரை வைத்தால் இந்தப் பணத்துக்கு எழுபது வகுப்பு கிடைக்கும். புதிதாக எடை தூக்கக் கற்பவர்களுக்கு ஸ்டீம் அறையைவிட இது எத்தனையோ மடங்கு மேல் என்பது என் அபிப்பிராயம். மாறாக, உங்கள் வீட்டில் இரண்டு பேர் போகிறீர்கள், தம்பதிச் சலுகை உண்டு, இருவருக்கும் நீச்சல் வேண்டும் என்றால் கணக்கு அப்படியே மாறிவிடும். அதனால் என் எண்களை எடுத்துக்கொள்ளாமல் உங்கள் எண்களைப் போடுங்கள்.

வருமான வரியில் ஜிம் கட்டணத்துக்குக் கழிவு கிடையாது. “டாக்ஸ்ல காமிச்சுக்கலாம்” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் நிறுவனத்தோடு ஜிம்முக்கு ஒப்பந்தச் சலுகை இருக்கிறதா என்று மனிதவளத் துறையில் கேட்பது உருப்படியான வழி. ஓஎம்ஆர் பக்கத்துப் பெரிய அலுவலகங்கள் பலவற்றில் இருக்கிறது, ஊழியர்களுக்குத்தான் தெரிவதில்லை.

5. ஒரு நாள் சீட்டு வாங்கி, உங்கள் நேரத்தில் போய்ப் பாருங்கள்

விற்பனையாளர் உங்களைப் பகல் பதினோரு மணிக்கு வரச் சொல்வார். ஜிம் காலியாக, பளபளவென்று இருக்கும். போகாதீர்கள். திங்கட்கிழமை மாலை ஏழு மணிக்குப் போங்கள். வாரத்தின் முதல் நாள், எல்லோரும் நெஞ்சுப் பயிற்சி செய்யும் நாள், பெஞ்ச் பிரஸ்ஸுக்கு வரிசை நிற்கும். அன்று அந்த ஜிம் எப்படி இருக்கிறதோ அதுதான் நீங்கள் வாங்கப்போகிற சரக்கு. பெரும்பாலான இடங்களில் ஒரு நாள் இலவசமாகவோ சிறு கட்டணத்துக்கோ விடுவார்கள். விட மறுத்தால் அதுவே ஒரு பதில்.

அங்கே பார்க்க வேண்டியவை: ஸ்குவாட் ரேக் எத்தனை, ஒன்று கிடைக்க எவ்வளவு நேரம் ஆகிறது? எத்தனை டிரெட்மில்லில் ‘பழுது’ அட்டை தொங்குகிறது? மே மாதத்தில் முப்பது பேர் வியர்த்துக்கொண்டிருக்கும்போது ஏசி தாங்குமா? கரண்டு போனால் ஜெனரேட்டரில் ஏசி ஓடுமா, விளக்கும் மின்விசிறியும் மட்டுமா? குளியலறையில் குழாயைத் திறந்து பாருங்கள். தரையில் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். அங்கேயே வழக்கமாக வருபவர் ஒருவரிடம், முடிந்தால் உடை மாற்றும் அறையில், “எப்படிங்க இருக்கு?” என்று பேச்சுக் கொடுங்கள். விற்பனையாளர் அரை மணி நேரம் பேசிச் சொல்லாததை அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிடுவார்.

தரைத்தளத்துக்குக் கீழே இருக்கும் ஜிம் என்றால் மழைக்காலத்தைப் பற்றிக் கேளுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் தண்ணீர் எப்படி நின்றது என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளத்தால் மூடினால் அந்த நாட்களை உறுப்பினர் காலத்தில் கூட்டித் தருவார்களா?

பயிற்சியாளர்களிடம் என்ன சான்றிதழ் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள். ஏசிஇ, நாஸ்ம், ஏசிஎஸ்எம் என்ற அமெரிக்க அமைப்புகளின் சான்றிதழ்கள் பரவலாக ஏற்கப்பட்டவை. சிபிஆர் முதலுதவிப் பயிற்சி பெற்றவர் எல்லா நேரத்திலும் பணியில் இருக்கிறாரா, இதயத் துடிப்பை மீட்கும் ஏஇடி கருவி இருக்கிறதா என்றும் கேளுங்கள். அறுபதாயிரம் வாங்கும் இடத்தில் அது இல்லையென்றால் காபி இயந்திரம் எதற்கு?

இங்கே ஒரு பொறி. “ஃப்ரீயா பாடி அனாலிசிஸ் பண்ணித் தர்றோம் மேடம்” என்று ஒரு எந்திரத்தின் மேல் ஏற்றுவார்கள். தாள் ஒன்று வரும். உங்கள் வயது முப்பத்தைந்து, ‘மெட்டபாலிக் வயது’ நாற்பத்தெட்டு என்று இருக்கும். முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த நிமிடமே டிரெய்னர் திட்டத்தை எடுப்பார்கள். அந்த எந்திரம் உடம்பில் மெல்லிய மின்சாரத்தைச் செலுத்திக் கணக்கிடுவது. நீங்கள் தண்ணீர் குடித்தீர்களா, சாப்பிட்டீர்களா, இப்போதுதான் வியர்த்தீர்களா என்பதைப் பொறுத்து எண்கள் மாறும். தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள்.

6. எப்போது சேர்வது, எப்படிப் பேரம் பேசுவது

விற்பனையாளர்களுக்கு மாத இலக்கு உண்டு. மாதத்தின் கடைசி மூன்று நாளில் உங்கள் பேச்சு எடுபடும், அதிலும் மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் கடைசியில் இன்னும் நன்றாக எடுபடும். ஜனவரி முதல் வாரம் சேராதீர்கள். புத்தாண்டு உறுதிமொழிக் கூட்டம் தானாகவே வரும்போது உங்களுக்கு எதற்குக் குறைக்க வேண்டும்? மார்ச்சில் அந்தக் கூட்டம் கரைந்த பிறகு போங்கள்.

“இன்னிக்கு நைட் பன்னெண்டு மணி வரைக்கும்தான் மேடம் இந்த ரேட்.” இந்த வாக்கியத்தை நான் போன எல்லா இடத்திலும் கேட்டேன். அடுத்த வாரம் போனபோதும் அதே ரேட் இருந்தது, ஓரிடத்தில் குறைந்தும் இருந்தது. சலுகை முடியப்போகிறது என்று ஜிம்மின் செயலியில் ஓடும் கடிகாரமும் அப்படித்தான். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களில், இல்லாத அவசரத்தைக் காட்டி வாங்க வைப்பது தடுக்கப்பட்ட உத்திகளில் ஒன்று. விலையைச் சிறுகச் சிறுகக் கூட்டிக் கடைசியில் முழுத் தொகையைக் காட்டுவதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

பேரம் பேசும்போது தொகையைக் குறைக்கச் சொல்வதைவிட மூன்று விஷயம் கேளுங்கள்: சேர்க்கைக் கட்டணத்தை நீக்குவது, உறுப்பினர் காலத்தை இடையில் நிறுத்திவைக்கும் நாட்களைக் கூட்டுவது, தொடங்கும் தேதியைத் தள்ளிவைப்பது. இவற்றுக்கு அவர்கள் கையிலிருந்து பெரிதாகச் செலவில்லை என்பதால் எளிதில் இறங்கி வருவார்கள். ஊருக்குப் போகிற மாதத்தைத் தாண்டித் தொடங்கும்படி தேதி வாங்கிவிட்டால் ஒரு மாதக் கட்டணம் மிச்சம்.

இரண்டு வருடம், மூன்று வருடம், ஆயுள் உறுப்பினர் என்று எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். ஒரு வருடத்துக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள். தல்வால்கர்ஸ் என்ற பழம்பெரும் நிறுவனம், நாடு முழுக்கக் கிளை வைத்திருந்தது, பங்குச்சந்தையில் பட்டியலிட்டது, 2019-ல் கடன் தவணை கட்ட முடியாமல் போய்க் கிளைகள் மூடின. இன்னும் திறக்காத ஜிம்முக்கு ‘தொடக்க உறுப்பினர்’ சலுகை என்று முன்பதிவு கேட்டால் அதற்கும் வேண்டாம்தான். கட்டடத்தில் சாரம் நிற்கும்போது கொடுக்கும் பணம் எப்போது ஜிம்மாக மாறும் என்று யாருக்கும் தெரியாது.

7. ஒப்பந்தத்தை முதல் நாளே வாங்கி வீட்டில் படியுங்கள்

இது கொஞ்சம் போராட்டம். “சேர்ந்ததும் மெயில்ல வந்துடும்” என்பார்கள். சேர்வதற்கு முன் வேண்டும் என்று நில்லுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் போதும். நான் விசாரித்த ஓரிடத்தில் கடைசி வரை தரவேயில்லை, நானும் சேரவில்லை.

படிக்கும்போது முதலில் வெளியேறும் வழியைத் தேடுங்கள். பணம் திரும்பத் தருவதற்கு என்ன விதி? ‘எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அப்படியானால் வேறொருவர் பெயருக்கு மாற்ற முடியுமா, மாற்றுவதற்குக் கட்டணம் எவ்வளவு, மீதம் எத்தனை மாதம் இருந்தால் மாற்றலாம்? வேலை பெங்களூருக்கு மாறினால் அங்கே உள்ள கிளைக்கு எடுத்துப் போகலாமா?

நிறுத்திவைக்கும் வசதியில் நுணுக்கம் அதிகம். ‘வருடத்துக்கு 45 நாள்’ என்று பெரிய எழுத்தில் இருக்கும். கீழே, ஒரு தடவைக்குக் குறைந்தது 15 நாள், ஒரு வாரம் முன்பே தெரிவிக்க வேண்டும், பின்தேதியிட்டு ஏற்கப்படாது என்று சின்ன எழுத்தில் இருக்கும். காய்ச்சல் ஒரு வாரம் முன்பே சொல்லிவிட்டு வருவதில்லை. மருத்துவச் சான்று கொடுத்தால் விலக்கு உண்டா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். கர்ப்பம், அறுவை சிகிச்சை போன்ற நீண்ட இடைவெளிக்குத் தனி விதி இருக்கிறதா என்பதையும்.

டிரெய்னர் வகுப்புகளுக்குக் காலாவதி தேதி உண்டா? அந்த டிரெய்னர் வேலையை விட்டுப் போனால் என்ன? குழு வகுப்புக்கு இடம் எத்தனை, எப்போது முன்பதிவு திறக்கும், பதிவு செய்துவிட்டு வராவிட்டால் அபராதமா? மாலை ஏழு மணி யோகா வகுப்பில் இருபது இடம், உறுப்பினர் ஆயிரம் என்றால் அந்த வகுப்பை நம்பிச் சேர வேண்டாம்.

விற்பனையாளர் வாயால் சொன்னது எதுவும் ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் ஒரு வாட்ஸ்அப் செய்தி போடுங்கள்: “நீங்கள் சொன்னபடி சேர்க்கைக் கட்டணம் இல்லை, அறுபது நாள் நிறுத்திவைக்கலாம், தொடக்கம் பதினைந்தாம் தேதி. சரிதானே?” அவர் “யெஸ் மேடம்” என்று பதில் போட்டால் போதும், திரைப்பிடிப்பு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையில் விற்பனையாளர்கள் அடிக்கடி மாறுவார்கள். அவர் போன பிறகு அவர் சொன்ன சொல்லுக்கு அந்தச் செய்திதான் சாட்சி.

8. கையில் கொண்டுபோக வேண்டியவை

அடையாளச் சான்று ஒன்று. ஆதார்தான் வேண்டும் என்றால், முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ஆதாரை, அதை வழங்கும் ஆணையத்தின் வலைத்தளத்திலிருந்து பதிவிறக்கிக் கொடுங்கள். முழு ஆதார் நகலை ஜிம்மில் விட்டுவிட்டு வர அவசியமில்லை. புகைப்படம், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண், தம்பதித் திட்டம் என்றால் துணைவரின் அடையாளச் சான்று, அலுவலகச் சலுகை என்றால் அலுவலக அட்டை.

உடல்நலக் கேள்வித்தாள் ஒன்று தருவார்கள். நெஞ்சுவலி, மயக்கம், ரத்த அழுத்தம், மூட்டு வலி பற்றிக் கேட்கும். எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று வரிசையாக டிக் அடித்துவிடுவது நம் வழக்கம். அப்படிச் செய்யாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயப் பிரச்சினை இருந்தாலோ, குடும்பத்தில் யாருக்காவது இளம்வயதில் மாரடைப்பு வந்திருந்தாலோ, முதலில் உங்கள் மருத்துவரைப் பார்த்து ஒரு சான்று வாங்கிக்கொண்டு போங்கள். பணம் கட்டிய பிறகு மருத்துவர் வேண்டாம் என்றால் ‘திருப்பித் தரப்படாது’ விதி உங்கள் தலையில் விழும்.

9. பணம் கட்டும்போது

ரொக்கம் வேண்டாம். விற்பனையாளரின் சொந்த எண்ணுக்கு யுபிஐ அனுப்பவே வேண்டாம்; ரசீதில் இருக்கும் நிறுவனத்தின் பெயரும் பணம் போகும் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். முடிந்தால் கிரெடிட் கார்டில் முழுத் தொகையாகக் கட்டிவிட்டு, பில் வந்ததும் அடைத்துவிடுங்கள். சேவை கிடைக்காமல் போனால் வங்கியிடம் முறையிட்டுப் பணத்தை மீட்கக் கேட்கும் வழி அதில் இருக்கிறது.

‘வட்டியில்லாத் தவணை’ என்றால் இரண்டு கேள்வி. பிராசஸிங் கட்டணம் எவ்வளவு, ஒரே தடவையில் கட்டினால் தள்ளுபடி எவ்வளவு? ஒரே தடவைக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணையில் கிடைக்காவிட்டால் அந்தத் தள்ளுபடிதான் வட்டி. இன்னொன்று முக்கியம். தவணை உங்கள் கார்டில் போகிறதா, இல்லை ஏதோ ஒரு நிதி நிறுவனத்தின் கடனாகப் போகிறதா? கவுன்டரில் உங்கள் போனை வாங்கி ஓடிபி போட்டு முடித்துவிடுவார்கள். அது ஜிம்முக்கும் உங்களுக்கும் உள்ள ஏற்பாடு என்று நினைப்பீர்கள். உண்மையில் அது தனிக் கடன். நாளைக்கு ஜிம் மூடினாலும் தவணை நிற்காது. கட்டாவிட்டால் சிபில் மதிப்பெண் விழும். செயலி வழியாகத் தரும் கடன்களில் முழு விவரத் தாள் தர வேண்டும் என்பதும், குறைந்தது ஒரு நாளாவது மனம் மாறி விலக அவகாசம் தர வேண்டும் என்பதும் ரிசர்வ் வங்கியின் விதி. அன்று இரவே அந்தத் தாளைப் படித்துவிடுங்கள்.

மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் ஏற்பாடு என்றால், எடுப்பதற்கு 24 மணி நேரம் முன் வங்கியிலிருந்து தகவல் வரும். யுபிஐ செயலியில் ஆட்டோபே பகுதிக்குப் போய் நீங்களே ரத்து செய்யலாம். ஆனால் ஒப்பந்தத்தில் முன்னறிவிப்புக் காலம் இருந்தால் முதலில் எழுத்தில் தெரிவித்துவிட்டு, பிறகு ரத்து செய்யுங்கள்.

வரிப் பதிவு எண் உள்ள ரசீது, ஒப்பந்தப் பிரதி, தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் போட்ட உறுதிச் செய்தி. இந்த மூன்றும் மின்னஞ்சலில் வந்த பிறகுதான் கவுன்டரைவிட்டு நகர வேண்டும்.

10. சரிப்படாவிட்டால்

முதல் மாதம் முடிந்ததும் செயலியில் உங்கள் வருகைப் பதிவைப் பாருங்கள். நாலாவது படியில் போட்ட எண்ணுக்குப் பக்கத்தில் இல்லையென்றால், மாற்றித் தரும் வழியை அப்போதே தேடத் தொடங்குங்கள். பத்து மாதம் மீதமிருக்கும் உறுப்பினர் உரிமையை வாங்க ஆள் கிடைப்பார்கள், அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுவில் போட்டாலே கேட்பார்கள். இரண்டு மாதம் மீதமிருப்பதை யாரும் வாங்க மாட்டார்கள்.

ஜிம் சொன்ன வசதியைத் தராவிட்டால், குளத்தை மாதக்கணக்கில் மூடி வைத்தால், கிளையையே மூடிவிட்டால், முதலில் மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதில் தரப் பதினைந்து நாள் கொடுங்கள். பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம், புகார் எண் தருவார்கள். பல சமயம் அந்தப் புகார் எண்ணைக் குறிப்பிட்டு இன்னொரு மின்னஞ்சல் போட்டதும் ஜிம்மிலிருந்து போன் வந்துவிடும்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ வேலை பார்க்கும் இடத்திலோ உள்ள ஆணையத்திலேயே போடலாம், ஜிம்மின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் அங்கே போக வேண்டியதில்லை. கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவே பதிவு செய்யலாம். அங்கே கேட்கும் இணைப்புகள்: ரசீது, ஒப்பந்தம், பணம் போன வங்கிப் பதிவு, ஜிம்முக்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சல், அந்த “யெஸ் மேடம்” திரைப்பிடிப்பு.